லைட் பூட்ட இரண்டு பேர்

கல்முனையில் பதியுதீனின் கடையில் லைட்டை வாங்கும்போது, வயரைச் சுருளாகக் கையில் கொண்டுபோக வேண்டாம் என்று பதியுதீன் சொன்னார்.

"ஆமிக்காரன் வயரக் கண்டானெண்டா ஆயிரம் கேள்வி கேப்பான். லைட்டுப் பெட்டிக்குள்ளயே வச்சுத் தாறன். சென்றியில முதல்ல லைட்டக் காட்டு. கலியாண வீட்டு லைட் எண்டு சொல்லு."

கனகசூரியம் அப்படியே செய்தான். சென்றியில் நின்ற சிப்பாய் லைட்டின் பூப்போட்ட கண்ணாடிக் கோப்பையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தான். கலியாணமா என்று உடைந்த தமிழில் கேட்டான். கனகசூரியம் தலையை ஆட்டினான். யாருடைய கலியாணம் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் எடுத்திருக்கும். மனைவியின் தங்கைக்கு. இறந்துபோன மனைவியின் தங்கைக்கு. சிப்பாய் கேட்கவில்லை.

அடுத்த நாள் ஞாயிறு. அவன் வேலை செய்யும் அரிசி ஆலை பூட்டு. கலியாணப் பெண் தெய்வமணி சட்டை தைக்கக் கொடுத்திருந்த இடத்துக்குப் போக வெளிக்கிட்டாள். படலையைத் திறந்தவள் திரும்பி, விறாந்தையில் நின்ற தன் தாயையும் கிணற்றடியில் நின்ற கனகசூரியத்தையும் பார்த்தாள்.

"நான் வருமட்டும் ரெண்டு பேரும் சண்டை பிடிக்காம இரிங்க," என்றாள்.

அது அவளுடைய பழைய பகிடி. சண்டை பிடிப்பதற்கு ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். கனகசூரியம் பெரியகல்லாற்றுக்கு மருமகனாக வந்து ஏழு வருடமாகிறது. மாமி இலட்சுமிப்பிள்ளை அவனோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவனும் பேசியதில்லை. கோபம் எதுவும் இல்லை. இலட்சுமிப்பிள்ளையின் தாயும் தன் மருமகனோடு பேசாமலே இருந்து செத்தவள். மரியாதை என்பதை அவர்கள் அப்படித்தான் விளங்கி வைத்திருந்தார்கள். அவன் ஹோலுக்குள் வந்தால் அவள் குசினிக்குள் போய்விடுவாள். சொல்ல வேண்டியதெல்லாம் மகள் மங்கையற்கரசியின் வழியாக வரும். அவருக்குத் தேத்தண்ணி வேணுமா எண்டு கேளு. வேணாமெண்டு சொல்லு மங்கை. சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்து அவர்கள் இப்படிக் கதைத்துக்கொள்ளும்போது மங்கை நடுவில் இருந்து சிரிப்பாள்.

மங்கை போன வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். ஊரடங்குப் போட்டிருந்த நாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனம் கிடைத்தபோது கொண்டுபோகத் தேவையில்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு தெய்வமணி சொற்களைச் சுமந்தாள். அவளும் இல்லாத நேரங்களில் பூனை இருந்தது. "சோறு மூடி வச்சிரிக்கு," என்று இலட்சுமிப்பிள்ளை பூனையைப் பார்த்துச் சொல்வாள். பூனை கண்ணை மூடிக்கொள்ளும். கனகசூரியம் எழுந்து கைகழுவப் போவான்.

அந்தக் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகளுக்குக் கலியாணமானால் வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவில் பின்னாலுள்ள சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். மருமகன் வந்து பெரிய வீட்டில் குடியிருப்பான். மங்கைக்குக் கொடுத்த வீடு இது; தெய்வமணிக்குக் கலியாணமாகாததால் இலட்சுமிப்பிள்ளை இன்னும் பின்வீட்டுக்குப் போகவில்லை. பிள்ளை இல்லாமல் மங்கை போனதால் இனித் தெய்வமணிக்கு. ஆவணியில் கலியாணம். புது மாப்பிள்ளை வந்தபின் மூத்த மருமகனுக்கு இங்கே என்ன இடம்? அதை யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. கேட்பதென்றால் பூனையிடம்தான் கேட்க வேண்டும்.

அவன் பிறந்தது வடக்கே பனிச்சங்கேணியில். அங்கே வீடு எரிந்துபோய்விட்டது. அண்ணன் குடும்பம் காட்டுப் பக்கம் எங்கோ இருப்பதாகக் கேள்வி. பாதையும் பூட்டு. ஆலை முதலாளி, நெல்மூட்டை அடுக்குகிற அறையில் ஒரு மூலையில் படுத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். ஆவணிக்குப் பிறகு அங்கே போவதென்று அவன் தனக்குள் தீர்மானித்திருந்தான். ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஆலையிலிருந்து வீட்டுக்கு வரும்போது ஒரு சொல்லை எதிர்பார்த்தே வந்தான். போ என்றாலும் சரி. இரு என்றாலும் சரி. அந்த வீட்டின் மௌனத்தில் இரண்டும் ஒரேமாதிரித்தான் இருந்தன. இரவில் பாயில் கிடந்து அதை எத்தனையோ தடவை புரட்டிப் பார்த்திருக்கிறான். ஒரு நாள் அது போ என்று சொல்வதுபோல இருக்கும். மறுநாள் மீன்குழம்பில் நடுத்துண்டு தன் சோற்றுக் கோப்பையில் கிடப்பதைக் காணும்போது வேறுமாதிரி இருக்கும்.

ஹோலில் ஏற்கெனவே ஒரு சுவிட்ச் இருந்தது. கதவுநிலைக்குப் பக்கத்தில், கபில நிறத்தில், வட்டமாக. மாமனார் அழகரத்தினம் உயிரோடு இருந்தபோது பூட்டுவித்தது. அதைப் போட்டால் கதவுக்கு மேலே சுவரில் இருந்த பல்ப் எரியும். ஹோலின் மறுபாதி இருட்டாகவே கிடக்கும். பெண் பார்க்க வந்தவர்கள், பிள்ளையை வெளிச்சத்தில் பார்க்கவில்லையே என்று சிரித்துவிட்டுப் போனார்கள். அதைத் தெய்வமணி வந்து சொன்னபோதுதான், நடுவில் ஒரு லைட் பூட்டலாம் என்று கனகசூரியம் சொன்னான்.

சுவரை உடைக்கத் தேவையில்லை. சுவிட்சையும் மாற்றத் தேவையில்லை. பழைய பல்ப் ஹோல்டரைக் கழற்றினால் அதற்குள் இரண்டு வயர் வந்து முடிகிறது. அந்த இரண்டோடும் புது வயரைத் தொடுத்து, சுவர் வழியாக மேலே ஏற்றி, கூரை மரத்தோடு கிளிப் அடித்து நடுவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதே சுவிட்சில் புது லைட் எரியும். ஆலையில் கைகொடுத்துப் பழகிய வேலைதான். ஆனால் இரண்டு பேர் வேண்டும். பழைய வயர் இரண்டும் புகைபட்டு ஒரே கறுப்பாகிவிட்டன. மெயினைப் போட்டு, எந்த வயரில் கறண்ட் வருகிறது, சுவிட்சை நூர்த்தால், அதாவது அணைத்தால், அது நிற்கிறதா என்று டெஸ்டரால் பார்க்க வேண்டும். பிறகு மெயினை நூர்த்துவிட்டுத்தான் தொடுக்க வேண்டும். மெயின் சுவிட்ச் வெளியே விறாந்தையில். மேசைமேல் கதிரை வைத்து ஏறியவன் கூப்பிட, ஒருவர் அங்கே நின்று போட வேண்டும், நூர்க்க வேண்டும்.

இலட்சுமிப்பிள்ளை பின்வேலிக்குப் போய்ப் புஸ்பத்தைக் கூப்பிட்டாள். அடுத்த வளவில் இருக்கும் புஸ்பம் அவளுடைய தங்கையின் மகள். கனகசூரியத்துக்கு மச்சாள் முறை. அதனால் அவள் வாய்க்குக் கதவில்லை.

"என்ன மச்சான், மேசைக்கு மேல கதிரை, கதிரைக்கு மேல நீங்க? சாமி தூக்கப் போறாங்களா?"

"மெயினில ஒராள் நிக்கணும் மச்சாள். நான் சொல்லக்குள்ள போடணும், சொல்லக்குள்ள நூக்கணும்."

"அதுக்கு நான் எதுக்கு? பெரியம்மாட கைக்கு என்ன?" அவள் குசினிப் பக்கம் கழுத்தை நீட்டினாள். "பெரியம்மா, கை ரெண்டும் சுகமாத்தானே இரிக்கு?"

குசினிக்குள்ளிருந்து குரல் வந்தது. பூனைக்கு. "அவளுக்கு நாக்கு நீளம் எண்டு சொல்லு."

"கேட்டீங்களா மச்சான்? நான் என்ன, உங்க ரெண்டு பேருக்கும் நடுவில இழுத்த வயரா?"

கனகசூரியம் சிரித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினான்.

கூரை மரத்தில் கிளிப் அடிக்கவே பாதிக் காலை போய்விட்டது. லைட்டைத் தொங்கவிட்டான். கோப்பையைப் பூட்டினான். கடைசியில் பழைய ஹோல்டரைக் கழற்றி, வயர் முனை இரண்டையும் ஒன்றிலொன்று படாமல் விரித்துவிட்டு, போடச் சொன்னான். புஸ்பம் விறாந்தையிலிருந்து "போட்டாச்சு!" என்று கத்தினாள். ஒரு முனையில் டெஸ்டர் எரிந்தது. குனிந்து கையை நீட்டிக் கதவோரச் சுவிட்சை நூர்த்தான். எரியவில்லை. அழகரத்தினம் காலத்து வேலை ஒழுங்காகவே இருந்தது. புது வயரின் முனைகளைச் சீவ வேண்டும் என்று கீழே இறங்கி, கத்தியை எடுத்துக்கொண்டு நிலத்தில் குந்தினான்.

அந்த நேரம் இலட்சுமிப்பிள்ளை சுளகோடு விறாந்தைக்கு வந்து, மற்ற ஓரத்தில் முதுகைக் காட்டியபடி அரிசி புடைக்க உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, என்ட சோறு பொங்கியிருக்கும். ஒரு ஓட்டத்தில பாத்துட்டு வாறன்," என்றாள் புஸ்பம். மெயினைப் போட்டபடி விட்டுப் போகக் கூடாது என்ற நினைப்பில் அதன் கைபிடியைக் கீழே இழுத்துவிட்டுப் போனாள். அதை அவள் யாருக்கும் சொல்லவில்லை.

கனகசூரியம் திரும்பவும் கதிரையில் ஏறினான். "மச்சாள், நூருங்க!"

பதில் இல்லை.

"மச்சாள்! மெயினை நூருங்க!"

இலட்சுமிப்பிள்ளை சுளகை நிலத்தில் வைத்தாள். புஸ்பம் இல்லை என்று சொல்ல வேண்டும். அது ஒரு சின்னச் சொல். வாய்வரை வந்த சொல் அங்கேயே நின்றது. எழுந்து பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். அவன் சொன்னால் அந்தக் கைபிடியை மறுபக்கம் தள்ள வேண்டும் என்று மட்டும் தெரியும். எந்தப் பக்கம் எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. பெட்டியில் இருந்த எழுத்துகளைச் சுண்ணாம்பு மூடியிருந்தது. அவனைக் கேட்கலாம். கேட்கவில்லை. கீழே கிடந்த கைபிடியை மேலே தள்ளினாள். டக் என்றது.

உள்ளே அந்தச் சத்தத்தை அவன் பதிலாக எடுத்துக்கொண்டான். ஏழு வருடமாக அந்த வீட்டில் சத்தங்களையே பதிலாக எடுத்துப் பழகியவன் அவன். கோப்பை வைக்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், கிணற்று வாளியின் சத்தம். டெஸ்டரை வைத்துப் பார்த்தான். எரியவில்லை. எப்படி எரியும்? அப்போது ஊரிலேயே கறண்ட் இல்லை. சற்று முன்தான் நின்றிருந்தது. பகல் வெளிச்சத்தில் அது வீட்டுக்குள் யாருக்கும் தெரியவில்லை. ஏறும்போது அவன் முழங்கால் தட்டிக் கதவோரச் சுவிட்சையும் போட்டுவிட்டிருந்தது. கறண்ட் இல்லாத சுவிட்ச்தானே என்று விட்டுவிட்டு, பழைய முனை ஒன்றை இடக்கையாலும் புது முனையை வலக்கையாலும் பிடித்து முறுக்கத் தொடங்கினான்.

இலட்சுமிப்பிள்ளை வெளியால் சுற்றிக் குசினிக்குப் போனாள். அடுப்பைத் தூண்டிவிட்டு நிமிரும்போது பின்வேலிக்கு மேலே புஸ்பத்தின் தலை தெரிந்தது.

"பெரியம்மா, கறண்ட் நிண்டுட்டு, எங்கட றேடியோவும் செத்துப் போச்சு. மச்சானுக்குச் சொல்லுங்க, கறண்ட் வந்தாலும் பயமில்லை, நான் மெயினை நூத்துப்போட்டுத்தான் வந்தன்."

"நூத்துட்டா வந்த நீ?"

"ஓம். கைபிடியக் கீழ இழுத்துட்டுத்தான்."

இலட்சுமிப்பிள்ளை கையிலிருந்ததை அப்படியே போட்டாள். குசினியிலிருந்து விறாந்தைக்கு வெளியால் போனால் வீட்டை முழுக்கச் சுற்ற வேண்டும். அவன் உள்ளே நிற்கும்போது அவள் ஒருநாளும் ஹோலுக்குள்ளால் போனதில்லை. அன்றைக்கு ஹோலுக்குள்ளால் ஓடினாள். மேசைமேல் கதிரைமேல் அவன் நிற்பதும், இரண்டு கைகளிலும் செம்பு மினுங்குவதும் தெரிந்தன. விறாந்தைக் கதவு அங்கால் கிடந்தது. அவ்வளவு தூரம் ஓடி முடிக்கக் கறண்ட் பொறுத்திருக்குமா?

"டேய் மனே! கைய எடுடா! மெயின் போட்டிரிக்கு, கைய எடுடா!"

அவன் கை இரண்டையும் விரித்தான். வயர்கள் துள்ளி விலகின. கதிரை ஒரு பக்கம் சாய, கூரை மரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நின்றான். அவள் அவனைக் கடந்து விறாந்தைக்கு ஓடிவிட்டாள். அங்கிருந்து திரும்பவும் அவள் குரல்.

"எந்தப் பக்கம்? மேலயா, கீழயா?"

"கீழ! கீழ இழுங்க!"

டக்.

அவன் மெல்ல இறங்கி மேசையின் விளிம்பில் உட்கார்ந்தான். உள்ளங்கைகளைப் பார்த்தான். ஃபியூசைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டிருந்தால் இந்தப் பேச்சே இல்லை. ஆலையில் அப்படித்தான் செய்வான். வேலிக்கு அப்பால் புஸ்பத்தின் வீட்டு றேடியோ ஒரு பாட்டின் நடுவிலிருந்து பாடத் தொடங்கியது. கறண்ட் வந்துவிட்டது. அந்தப் பாட்டை அவன் உள்ளேயிருந்தும் அவள் வெளியேயிருந்தும் கேட்டார்கள்.

இலட்சுமிப்பிள்ளை கதவு நிலையைப் பிடித்தபடி உள்ளே வந்தாள். இரண்டு அடி வைத்ததும் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி தரட்டா?" என்றான் அவன்.

"நீங்க முதல்ல குடிங்க."

புஸ்பம் முந்தானையில் கையைத் துடைத்தபடி ஓடிவந்தாள்.

"என்ன சத்தம்? ஆரை டேய் மகனே எண்டீங்க பெரியம்மா? எங்கட வளவு மட்டும் கேட்டுது."

அவள் இருவரையும் பார்த்தாள். நிலத்தில் இருந்த பெரியம்மாவைப் பார்த்தாள். விளங்கிவிட்டது. முகம் வெளிறியது. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"அப்ப எனக்கு இனி இங்க வேலை இல்லைபோல."

"போகா, போய் உன்ட சோத்தப் பாரு," என்றாள் இலட்சுமிப்பிள்ளை.

மிச்ச வேலையை அவர்கள் இருவரும் முடித்தார்கள். இந்தத் தடவை அவன் ஃபியூசைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டான். இலட்சுமிப்பிள்ளை அப்படியும் நம்பவில்லை. கைபிடியில் கைவைத்தபடியே நின்றாள். அவன் கேட்காமலே, "நூத்துத்தான் இரிக்கு," "இன்னும் நூத்துத்தான் இரிக்கு," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் முறுக்கி, நாடா சுற்றி, சுவரோடு வயரை அமத்தி, மூடியைப் பூட்டி, சுவிட்சை நூர்த்து, ஃபியூசைத் திரும்பப் போட்டான்.

"இப்ப போடுங்க."

"மேலதானே?"

"ஓம், மேல."

அவன் சுவிட்சை அமத்தினான். நண்பகல் வெளிச்சத்திலும் கோப்பையின் பூக்கள் மஞ்சளாகத் தெளிந்தன. ஹோலின் பின்மூலை முதன்முறையாகத் தெரிந்தது.

"அம்மாளே," என்றாள் இலட்சுமிப்பிள்ளை. "இவ்வளவு ஒட்டறையா இஞ்ச கிடந்த?"

அவள் குசினிக்குப் போகவில்லை. பேசாமல் இருந்த காலம் முழுவதும் கையில் இருந்த ஏதோவொன்று கீழே விழுந்துவிட்டது, இனி அதைப் பொறுக்கி எடுக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கதவோரம் நின்று, அவன் சாமான்களை எடுத்துவைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மில்லில படுக்கப் போறீங்களாம்."

அவன் வயர் வெட்டும் குறட்டைத் துணியில் சுற்றினான். "ஆர் சொன்ன?"

"தெய்வமணி. மில்லுக்காரர்ர மகள் அவளோட படிச்ச பிள்ளை."

"ஆவணிக்குப் பொறகுதான்."

"நான் போகச் சொல்லல்லயே."

"இரிக்கவும் சொல்லல்ல."

சொன்னபின் அது அவ்வளவு கடுமையாக வந்துவிட்டதே என்று அவன் நினைத்தான். அவள் கோபப்படவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"எப்பிடிச் சொல்ற? அது பூனைக்கிட்டச் சொல்லி விடுற கதையா? சின்னவளிட்டச் சொன்னா, கலியாணம் முடிக்கப்போற பிள்ளை, அவள் என்ன நினைப்பாள்? மங்கை இருந்தா அவளிட்டச் சொல்லியிருப்பன். மங்கை இருந்தாச் சொல்லவே தேவையில்ல." பின்வளவுப் பக்கம் கையைக் காட்டினாள். "நான் பின்வீட்டுக்குப் போறன். அதோட சேத்து ஒரு பத்தி இறக்கினா உங்களுக்கு ஒரு அறை வரும். கூரைக்குக் கிடுகு இரிக்கு. மரந்தான் வேணும்."

அவன் துணிப்பொதியை முடிச்சுப் போடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பத்தி என்றால் பின்வீட்டுச் சுவரோடு சாய்வாக இறக்குகிற ஒரு கூரை. ஒரு பாய், ஒரு கொடிக்கயிறு. அதற்குள் இருந்தால் ஊர் என்ன சொல்லும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

"சனம் கதைக்கும், மாமி."

மாமி என்ற சொல் அவன் வாயிலிருந்து வந்ததை இருவரும் கவனித்தார்கள்.

"மாசியில றவுண்டப்பில உங்களப் பிடிச்சு வச்சாங்களே," என்றாள் அவள். "அடையாளக் கார்ட்டில பனிச்சங்கேணி எண்டு இரிக்கெண்டு."

அவனுக்கு நினைவிருந்தது. ஆமி ஊரைச் சுற்றி வளைத்து, பிடித்தவர்களைப் பள்ளிக்கூட வளவில் வெயிலில் இருத்தி வைத்தார்கள். பின்னேரம் விட்டுவிட்டார்கள். ஏன் விட்டார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

"அண்டைக்கு நான் அங்க வந்தனான். கேற்றில நிண்ட பெரியவன் கேட்டான், அவன் உனக்கு ஆர் எண்டு. மருமகன் எண்டா, மகள் எங்க எண்டு கேப்பான். மகள் இல்ல. நான் என்ட மகன் எண்டு சொன்னன்." அவள் ஒட்டறை பிடித்த மூலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஆமிக்காரனுக்குச் சொன்னத ஊருக்குச் சொல்ல எனக்கு என்ன வெக்கம்?"

வெளியே காகமொன்று சுளகிலிருந்த அரிசியைக் கொத்தியது. எழுந்துபோய் அதைக் கலைக்க இருவருக்கும் தோன்றவில்லை. இனிமேல் பேசாமல் இருக்கக் கூடாது என்று அவனுக்குப் பட்டது.

குசினிக் கதவுவரை போனான். அங்கிருந்து பின்வளவு தெரியும். சின்ன வீடு, அதன் மண்சுவர், பக்கத்தில் வெறும் நிலம். கண்ணால் நீளம் அகலம் பார்த்தான்.

"வாசலை எந்தப் பக்கம் வைக்கிற, மாமி?"

அவள் வந்து அவனுக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

"ஆத்துப் பக்கம் வேணா. கச்சான் காத்து அடிச்சா மண்ணெல்லாம் உள்ளுக்கு வரும். கிணத்தடிப் பக்கம் வைங்க."